பிறர் பெயரைக் காக்கும் வாணிகம்



பாலக்காட்டுக்குக் கிழக்கே, சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறைக் கடைவீதியில் நடந்தால் முதல் கடையில் விலையைத் தமிழில் கேட்கலாம். அடுத்த கடையில் மலையாளத்தில் கேட்கலாம். மூன்றாவது கடையில் எம்மொழியில் கேட்பினும் இரண்டும் கலந்த விடையே கிடைக்கும். தெற்கே இடுக்கி மாவட்டத்துக் குமுளியிலும், போடிமெட்டிலும், மறையூரிலும் இதே நிலைதான். 1956-இல் மாநிலங்கள் மொழிவாரியாகத் திருத்தி அமைக்கப்பட்டபோது எல்லைக்கோடு வரைந்தவர்களால் சந்தைகளையும் சம்பந்தங்களையும் இரண்டாக வெட்ட முடியவில்லை. அப்பகுதியில் பிறந்து, பி.ஏ. பட்டம் பெற்று, மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளராகத் தலைநகரில் காலங்கழித்து வரும் நமக்கு, ஊர் என்றவுடன் அந்த இருமொழிப் பேரமே முதலில் நினைவுக்கு வரும்.

சென்ற பொங்கலுக்கு ஊர் போயிருந்தோம். நம் தமக்கையின் மகன் கணினி அறிவியலில் பட்டம் பெற்றவன். கோயம்புத்தூரில் இரண்டாண்டு வேலை பார்த்தவன். வேலையை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்திருந்தான். தமக்கையாரோ கணவரை இழந்தவர், முழங்கால் வலியோடு தனியே இருப்பவர். மகன் அருகிருப்பதில் அவருக்கு மகிழ்ச்சி. அவன் வேலையின்றி இருப்பதில் கவலை. மாட்டுப் பொங்கலன்று மாலை திண்ணையில் அமர்ந்திருக்கையில் அவன் மெல்லத் தொடங்கினான்.

"மாமா, நான் இங்கிருந்தே வெப் ஹோஸ்டிங் தொழில் தொடங்கலாம் என்று இருக்கிறேன். அம்மா உங்களைக் கேட்டுக்கொண்டு செய் என்கிறாள்."

நாம் கலை பயின்றவர். கணினியின் வயிற்றுக்குள் நடப்பதை அறியோம். ஆயினும் இத்தொழிலில் வாடிக்கையாளராக இருந்து சூடு கண்டவர் என்ற முறையில் சொல்வதற்குச் சில செய்திகள் நம்மிடம் இருந்தன. அவனிடம் சொன்னவற்றையும், அவன் நமக்குக் கற்பித்தவற்றையும் சேர்த்தே இன்று உங்கள் முன் வைக்கிறோம்.

வெப் ஹோஸ்டிங் என்பது யாது? ஒரு கடைக்காரர் இணையத்தில் தமக்கொரு தளம் அமைத்துக்கொள்கிறார். அத்தளத்தின் படங்களும் எழுத்துகளும் எங்கேனும் ஒரு கணிப்பொறியில் இருந்தாக வேண்டும். அக்கணிப்பொறி இரவு பகல் அணையாமல், இணையத்தோடு இணைந்தே இருத்தல் வேண்டும். அதற்குச் சர்வர் என்று பெயர். சர்வர் என்றதும் உணவு விடுதியில் இலை போட்டுப் பரிமாறுபவர் நம் நினைவுக்கு வருவார், தவறில்லை. கேட்டவர்க்குக் கேட்டதைக் கொண்டுவந்து வைப்பதே இந்தச் சர்வரின் தொழிலும். அதில் பிறர்க்கு இடம் ஒதுக்கி வாடகை பெறுவதே ஹோஸ்டிங். இச்சொல்லைத் தமிழாக்க வேண்டி வந்தபோது, 'விருந்தோம்பல்' என்று எழுதி நாமே அடித்துவிட்டோம். வாடகை வாங்கிக்கொண்டு விருந்தோம்பல் என்பது வள்ளுவர்க்கு அடுக்காது. பண்டகசாலை நடத்துதல் என்பதே பொருளுக்கு நெருங்கியது. பிறர் மூட்டையை நம் கூரையின் கீழ் வைத்துக் காத்து, கேட்டபோது குறையாமல் கொடுப்பது.

மூட்டையோடு இன்னொன்றும் சேர்ந்து வருகிறது. அதுவே தளத்தின் பெயர்; டொமைன் என்பார்கள். பெயரை விலைக்கு வாங்க முடியாது. ஆண்டுக் கணக்கில் பதிந்து, தவணை வரும்போதெல்லாம் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். '.இன்' என்று முடியும் இந்தியப் பெயர்கள் 2005 முதல் யாவரும் பதியக் கூடியனவாயின. தமிழ் எழுத்திலேயே '.இந்தியா' என்று முடியும் பெயரையும் இன்று பதியலாம். எனினும் அத்தகைய முகவரியை ஏற்காத மின்னஞ்சல் நிரல்கள் இன்னும் பல உள்ளமையால் கடைக்காரர்கள் ஆங்கில எழுத்துப் பெயரையும் கூடவே வைத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலும் இடம் தருபவரே பெயரையும் பதிந்து தருகிறார். தொல்லை அங்கேதான் முளைக்கிறது.

இத்தொழிலில் சிறு முதலில் தொடங்கி உயர்ந்தவர்கள் நம் நாட்டிலேயே உண்டு. பம்பாயில் பவின் துராக்கியா, திவ்யாங்க் துராக்கியா என்னும் சகோதரர்கள் 1998-இல், இருவரும் இருபது வயதைத் தொடுமுன்னரே, தந்தையிடம் 25,000 ரூபாய் கடன் பெற்று டைரக்டி என்னும் நிறுவனத்தைத் தொடங்கினர். வாடகைக்கு எடுத்த சர்வரைப் பகிர்ந்து விற்பதே தொடக்கத் தொழில். அவர்கள் கண்ட சூட்சுமம், எல்லா வாடிக்கையாளரையும் தாமே தேடிப் போகாமை. தளம் அமைத்துத் தரும் சிறு தொழிலாளர்களைத் தமக்குச் சில்லறை வியாபாரிகளாக்கி, அவர்கள் வாயிலாக விற்றனர். ரீசெல்லர் கிளப் என்று அந்தப் பிரிவுக்குப் பெயரே வைத்தார்கள். 2014-இல் ஹோஸ்டிங், பெயர்ப் பதிவு ஆகிய பிரிவுகளை எண்டூரன்ஸ் என்னும் அமெரிக்க நிறுவனத்துக்குப் பெருந்தொகைக்கு விற்றனர்.

நம் மருமகப்பிள்ளை இக்கதையை மனப்பாடமாக வைத்திருந்தான். இளைஞர்கள் ஏறியவர் கதையை மட்டும் படிக்கிறார்கள். ஆகையால் நாம் அவனுக்கு மற்றொரு கதையைச் சொன்னோம். நெட் ஃபோர் இந்தியா என்ற நிறுவனம் நம் நாட்டில் பெயர் பதிந்து தருவதிலும் இடம் தருவதிலும் மூத்தவற்றுள் ஒன்று. கடன் தீர்க்க இயலாமல் 2019-இல் அது திவால் நடவடிக்கைக்கு உட்பட்டது. 2020-ஆம் ஆண்டின் இறுதியில், பெயரைப் புதுப்பிக்கப் பணம் கட்டியும் புதுப்பிக்கப்படவில்லை, வேறிடம் மாற்றவும் வழியில்லை, தொலைபேசியை எடுப்பாரில்லை என்று வாடிக்கையாளர்கள் முறையிட்டனர். உலகப் பெயர்ப் பதிவை மேற்பார்க்கும் ஐகான் அமைப்பு 2021-இல் அதன் அங்கீகாரத்தை நீக்க முடிவு செய்து, அதனிடமிருந்த பல்லாயிரம் பெயர்களை வேறொரு நிறுவனத்துக்கு மாற்றிற்று. அதற்குள் எத்தனை கடைகளின் கதவு சாத்தியே கிடந்ததோ! ஒரு பண்டகசாலை நொடித்தால் மூட்டையை வண்டியில் ஏற்றிக்கொண்டு வரலாம். பெயர் அப்படிக் கைக்கு வராது.

நம் சொந்த அனுபவமும் இவ்வகையதே. தலைநகரில் நம் பகுதித் தமிழர்கள் கூடி நடத்தும் சங்கம் ஒன்று உண்டு. நம் முயற்சியால் அதற்கொரு தளம் அமைந்தது. பதினோர் ஆண்டு மலர்கள், ஆண்டு விழாப் படங்கள், வரன் வேண்டுவோர் பட்டியல், இறந்துபோன முன்னோடிகளைப் பற்றிய குறிப்புகள் யாவும் அதில் இருந்தன. அமைத்துத் தந்தவர் ஒரு சிறு நிறுவனத்தார். பெயரைச் சொல்ல வேண்டுவதில்லை. ஆண்டுதோறும் தொகையைச் செலுத்தி ரசீது பெற்றுவந்தோம். ஓராண்டு ரசீது வரவில்லை. தொலைபேசி எண் செயலற்றுப் போயிற்று. ஒரு காலைப்பொழுதில் தளத்தைத் திறந்தால் சங்க இலச்சினை இருந்த இடத்தில் சூதாட்ட விளம்பரம் சுழன்றுகொண்டிருந்தது! விசாரித்த பிறகே விளங்கிற்று: தளத்தின் பெயர் சங்கத்தின் பெயரில் பதியப்படவே இல்லை. அந்நிறுவனத்தார் தம் பெயரிலேயே பதிந்திருந்தனர். அவர்கள் புதுப்பிக்காமல் விட்டமையால் அது ஏலத்துக்குப் போய், யாரோ எடுத்துக்கொண்டார்கள். மலர்களின் அச்சுப் படிகள் சில உறுப்பினர் வீட்டுப் பரணில் கிடைத்தன. படங்கள் கிடைக்கவில்லை. செயற்குழுவில் நாம் தலை கவிழ்ந்து நின்றோம்.

எனவே தமக்கை மகனிடம் முதன்முதல் கேட்ட கேள்வி முதலைப் பற்றியதன்று. "வாடிக்கையாளரின் தளப்பெயரை யார் பெயரில் பதிவாய்?" என்றே கேட்டோம். "என் கணக்கில் பதிந்தால் நிர்வாகம் எளிது, மாமா, அவர்கள் வேறிடம் ஓடிவிடவும் மாட்டார்கள்" என்றான். அவன் கபடமின்றிச் சொன்ன விடைதான். கணக்கு உன்னுடையதாக இருக்கட்டும், உரிமையாளர் என்ற இடத்தில் வாடிக்கையாளரின் பெயரும் அவருடைய சொந்த மின்னஞ்சலும் இருக்க வேண்டும், விலக நினைப்பவருக்கு மாற்றக் குறியீட்டைக் கேட்ட அன்றே கொடுக்க வேண்டும் என்று நாம் பிடிவாதமாக நின்றோம். கதவைப் பூட்டி விருந்தினரை நிறுத்தும் விடுதிக்கு இரண்டாம் முறை எவரும் வாரார் அல்லவா?

அடுத்த வாதம் சர்வரை எங்கே வைப்பது என்பதைப் பற்றியது. அவன் வீட்டு மச்சு அறையில் ஒரு கணிப்பொறியும் மின்கல அடுக்கும் வைத்துத் தானே சர்வர் நடத்தலாம் என எண்ணியிருந்தான். இளமையின் துணிவு! அவனுக்கு ஊக்கம் தந்தது இடுக்கியின் பெயர். மலையும் காடும் சூழ்ந்த அம்மாவட்டம், தேசிய ஒளியிழை வலையமைப்பால் இணைக்கப்பட்ட நாட்டின் முதல் மாவட்டம் என்று 2015 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது. பின்னர் 2023 ஜூன் 5-இல் கேரள அரசு கேஃபோன் என்னும் தன் சொந்த ஒளியிழை வலையமைப்பையும் தொடங்கிவைத்தது. "மலையிலேயே கம்பி வந்துவிட்டது, மாமா, சமவெளியில் நமக்கென்ன குறை?" என்றான்.

கம்பி வந்தது மெய். ஆனால் அதே இடுக்கியில், 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் மூணாற்றை அடுத்த பெரியவாரைப் பாலம் உடைந்து, மறையூர்ப் பக்கத்துப் போக்குவரத்துத் துண்டிக்கப்பட்டது. 2020 ஆகஸ்டு 6-ஆம் நாள் இரவு ராஜமலையை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து, தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகள் புதைந்தபோது, மின்சாரமும் தொலைபேசித் தொடர்பும் அற்றிருந்தன. செய்தி வெளியுலகை எட்ட விடிய வேண்டியிருந்தது. எழுபது உயிர்கள் போயின. அவர்களில் மிகப் பெரும்பாலோர் கயத்தாறு வட்டாரத்திலிருந்து தலைமுறைகளுக்கு முன் மலையேறிய தமிழர்களின் வழித்தோன்றல்கள். அந்த இரவைப் பற்றி வாணிகப் பேச்சினிடையே கூறுவது தகுமா என நாம் தயங்கினோம். ஆயினும் முதல் மாவட்டம் என்ற பட்டம் எதைக் காக்கும், எதைக் காவாது என்பதை எல்லையோரத்தில் தொழில் தொடங்குவோர் அறிந்திருத்தல் வேண்டும்.

ஆகவே சர்வரை வீட்டில் வைக்கலாகாது. அதற்கென்றே கட்டப்பட்ட தரவு மையங்கள் சென்னையிலும் மும்பையிலும் உள்ளன. இரட்டை மின்சாரம், டீசல் இயந்திரம், குளிரூட்டல், பல திசைக் கம்பிகள் எல்லாம் அங்கே அமைந்துள. அங்குள்ள சர்வரில் ஒரு பங்கை மாத வாடகைக்கு எடுத்து, ஊரில் இருந்தபடியே நிர்வகிக்கலாம். கொச்சியில் உள்ள நிறுவனங்கள் பல, நெடுங்காலமாகப் பிற நாட்டு ஹோஸ்டிங் நிலையங்களுக்கு இங்கிருந்தே இரவுக் காவல் புரிந்து வருகின்றன. சர்வர் அமெரிக்காவில், விழித்திருப்பவர் கேரளத்தில். கொச்சியிலிருந்து இயலுவது கொழிஞ்சாம்பாறையிலிருந்தும் இயலும்.

தரவு மையமும் தெய்வமன்று. 2021 மார்ச்சு 10-ஆம் நாள் நள்ளிரவுக்குப் பின் பிரான்சு நாட்டு ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் ஐந்து மாடித் தரவு மையம் ஒன்று தீப்பற்றி முற்றும் எரிந்தது. மாற்றுப்படிக்கென்று தனிக் கட்டணம் செலுத்தியிருந்த சிலருடைய படியும், மூலம் இருந்த அதே இடத்திலேயே இருந்து சாம்பலாயிற்று. ஒரே பெட்டியில் பத்திரத்தையும் பத்திரத்தின் நகலையும் வைத்துப் பூட்டியது போலாயிற்று. இதைச் சொன்னதும் தமக்கை மகன் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, மும்பையில் சர்வர் எடுத்தால் மாற்றுப்படியைச் சென்னையில் வேறொரு நிறுவனத்திடம் வைப்பது என்றும், மாதம் ஒருமுறை அப்படியிலிருந்து ஒரு தளத்தையேனும் உயிர்ப்பித்துப் பார்ப்பது என்றும் தானே முடிவு செய்தான். இரண்டாவது யோசனை நமக்குத் தோன்றாதது. எடுத்து வைத்த படி திறக்குமா என்று பார்க்காமலே ஆண்டுக் கணக்கில் எடுத்து வைப்பவர்கள் பலராம்.

இனிக் கணக்கு. ஒரு பேச்சுக்காக 60 வாடிக்கையாளர், ஆளுக்கு ஆண்டுக்கு 2,500 ரூபாய் என்று கொள்வோம். வரவு 1,50,000. பெயர்ப் பதிவுக்கு ஆளுக்கு 700 வீதம் 42,000 போகும். சர்வர் வாடகை மாதம் 2,500 என்றால் ஆண்டுக்கு 30,000. வாடிக்கையாளர் தம் தளத்தைத் தாமே ஆள்வதற்குரிய கட்டுப்பாட்டுப் பலகை நிரலுக்கு 24,000. மாற்றுப்படிக்கு 6,000. கையில் நிற்பது 48,000. மாதம் 4,000 ரூபாய். தமக்கையார் இதைக் கேட்டு, "இதற்கா இவன் கோயம்புத்தூர் வேலையை விட்டான்?" என்றார். 300 வாடிக்கையாளர் சேர்ந்தால், ஓர் உதவியாளருக்குச் சம்பளம் கொடுத்தும், மாதம் இருபதினாயிரத்தை ஒட்டி நிற்கும். 300 பேர் சேர எத்தனை ஆண்டாகும் என்பதே கேள்வி. அதுவரை தளம் அமைத்துக் கொடுக்கும் கூலியையும் துணையாகக் கொள்ள வேண்டும்.

இக்கணக்கைக் கலைக்கக் கூடியவை பிறர் கையில் உள்ளன. சி-பேனல் என்னும் கட்டுப்பாட்டுப் பலகையையே உலகின் சிறு ஹோஸ்டிங்காரர்களில் பெரும்பாலோர் பயன்படுத்தி வந்தனர். ஒரு சர்வருக்கு இவ்வளவு என்றிருந்த அதன் கட்டணம் 2019-இல், வாடிக்கையாளர் எண்ணிக்கைக்கு ஏற்ப ஏறுவதாக மாற்றப்பட்டது. ஆயிரக்கணக்கானோரை ஒரே சர்வரில் வைத்து மலிவாக விற்றவர்களின் ஆதாயம் ஓரிரவில் கரைந்தது. ஆகையால் தொடக்கத்திலேயே மாற்று நிரல் ஒன்றிலும் பழகிக்கொள் என்றோம். பழகியிருப்பதாகச் சொன்னான். பிள்ளைகள் நாம் நினைப்பதைவிடக் கெட்டிக்காரர்கள்.

விற்பது எவ்வாறு? இதில்தான் அவனும் நாமும் வெகுநேரம் தர்க்கித்தோம். இணையத்தில் விளம்பரம் செய்யலாம் என்றான். அங்கே அவனுக்கு எதிரில் நிற்பவர்கள் உலகப் பெருநிறுவனங்கள். முதலாண்டுக்கு மாதம் நூறு ரூபாய்க்கும் குறைவாக விலை சொல்வார்கள். இரண்டாம் ஆண்டில் அது இரண்டு மடங்கும் மும்மடங்குமாய் நிற்கும். 'எல்லையற்ற இடம்' என்பார்கள். எந்தப் பண்டகசாலைக்கும் சுவர் உண்டு. எல்லையற்றது என்று எழுதியவர் அடியில் பொடி எழுத்தில் எல்லையையும் எழுதியிருப்பார். அவர்களோடு விலையில் மோதுவது வீண். முதல் ரசீதிலேயே அடுத்த ஆண்டுக்கு எவ்வளவு என்பதை அச்சிட்டுக் கொடு, அதுவே உனக்கு விளம்பரம் என்றோம்.

'தொண்ணூற்றொன்பது புள்ளி ஒன்பது விழுக்காடு நேரம் தளம் இயங்கும்' என்பது இத்தொழிலில் எல்லோரும் எழுதும் வாசகம். கேட்க இனிமையாக இருக்கிறது. ஆண்டுக்கு 8,760 மணியில் எஞ்சிய பங்கைக் கணக்கிட்டால் எட்டே முக்கால் மணி நேரம் தளம் முடங்கலாம் என்று பொருள். அந்த எட்டே முக்கால் மணி எந்த நாளில் வருகிறது என்பதைப் பொறுத்தே வாடிக்கையாளர் வாழ்வார் அல்லது தாழ்வார். இங்கேதான் ஊர்க்காரனுக்குப் பெருநிறுவனத்தைவிட மேன்மை உண்டு. முதலமடை மாந்தோப்புக்காரருக்குத் தை, மாசி மாதங்களே உயிர். நாட்டின் பிற பகுதிகளில் மாம்பழம் வருமுன்னரே அவர் பழம் தில்லிக்கு ஏறிவிடும். குமுளி விடுதிக்காரருக்குச் சபரிமலைக் காலமான கார்த்திகை முதல் தை வரையிலும், மூணாறு விடுதிக்காரருக்குக் கோடை விடுமுறையும் முக்கியம். ஏலக்காய் வியாபாரிக்குப் புற்றடியிலும் போடிநாயக்கனூரிலும் மின்னணு ஏலம் நடக்கும் நாள்கள் முக்கியம். சர்வரைப் பழுது பார்ப்பதென்றால் யாருக்கு எந்த நாள் ஆகாது என்பதை மும்பையில் உள்ளவர் அறியார். நம் தமக்கை மகன் அறிவான்.

வாடிக்கையாளரைத் தேட அவன் இணையத்தை நோக்கினான். நாம் அச்சகத்தை நோக்கினோம். புதிதாகக் கடை திறப்பவர் யாரிடம் முதலில் போகிறார்? பெயர்ப்பலகை எழுதுபவரிடமும், ரசீதுப் புத்தகம் அடிக்கும் அச்சகத்தாரிடமும், வரிக் கணக்கு எழுதும் ஆடிட்டரிடமுமே போகிறார். இம்மூவரும் ஒரு வார்த்தை சொன்னால் போதும். துராக்கியா சகோதரர்கள் பெரிய அளவில் செய்ததும் இதுவேயன்றோ? மறையூர் வெல்லத்துக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வேறிடத்து வெல்லம் அப்பெயரில் விற்கப்படுகிறது என்பது அங்குள்ள கரும்பு விவசாயிகளின் நெடுநாள் முறையீடு. தம் ஆலைக்கொட்டகையின் படத்தையும் முகவரியையும் தம் பெயரிலேயே தளத்தில் வைத்து விற்க விரும்புவோர் அங்கே இருப்பார்கள். ஆனால் அவர்களிடம் ஆங்கிலத்தில் விலைப்பட்டியல் நீட்டிப் பயனில்லை. ஒருபுறம் தமிழ், மறுபுறம் மலையாளம் என்று ஒரே தாளில் அச்சிட்டுக் கொண்டுபோ என்றோம். அத்தாளின் வாசகத்தை எழுதித் தரும் பணி நம் தலையில் விழுந்தது. 'பேண்ட்விட்த்' என்பதற்கு ஓர் இரவு முழுதும் சொல் தேடி, இறுதியில் 'மாதத்தில் இத்தனை பேர் வந்து பார்க்கலாம்' என்று எழுதினோம். அலுவலகத்தில் இப்படி எழுதினால் மேலதிகாரி ஒப்பமாட்டார், வெல்லக்காரர் ஒப்பினார்.

சட்டத்தையும் சிறிது சொல்ல வேண்டும். சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்ச ரூபாயைத் தாண்டும்வரை சரக்கு சேவை வரிப் பதிவு கட்டாயமன்று. ஆனால் மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பாகிய செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-இல் பிறப்பித்த ஆணை இதைப் போல் வரவு பார்த்து விலக்கு அளிப்பதன்று. சர்வரில் எவரேனும் ஊடுருவினால் அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். நிகழ்வுப் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். தனிச் சர்வர் இடம் தருபவர்கள் வாடிக்கையாளர் யார் என்ற விவரத்தை, அவர் விலகிய பின்னும் 5 ஆண்டு காக்க வேண்டும். யாரென்று அறியாதவருக்கு இடம் கொடுப்பதில் வேறோர் அபாயமும் உண்டு. ஒரே சர்வரில் குடியிருக்கும் நூறு பேரில் ஒருவர் வேண்டாத மின்னஞ்சல்களை ஆயிரக்கணக்கில் அனுப்பினால், அச்சர்வரின் முகவரியையே உலகம் கரும்பட்டியலில் சேர்த்துவிடும். மற்றத் தொண்ணூற்றொன்பது பேரின் கடிதமும் திரும்பி வரும். 2024 பிப்ரவரி முதல் கூகுளும் யாஹூவும், அனுப்புநர் மெய்யானவர்தாம் என்று காட்டும் குறிப்புகள் இல்லாத மின்னஞ்சல்களை ஏற்பதில் கடுமை காட்டி வருகின்றன. குடிவைக்கும் முன் விசாரிப்பது வீட்டுக்காரருக்கு மட்டும் உரிய வழக்கமன்று.

இவ்வளவும் பேசி முடிக்க இரவு பத்தாயிற்று. தமக்கையார் இடையில் இருமுறை வந்து சாப்பிட அழைத்துவிட்டுப் போனார். கடைசியில் அவர் கேட்டது ஒன்றே: "ராத்திரியில் போன் வந்தால் இவன் எழுந்திருப்பானா?" இத்தொழிலின் முழு இலக்கணமும் அவ்வொரு கேள்வியில் அடங்கிவிட்டதாக நமக்குத் தோன்றிற்று. அவனுக்குக் காய்ச்சல் வந்தால் யார் எழுந்திருப்பார் என்று நாம் அதை இன்னும் ஓர் அடி நீட்டினோம். ஒற்றை ஆளின் கடை ஒற்றைக் கம்பியைப் போன்றதே. கல்லூரித் தோழன் ஒருவன் கம்பத்தில் இருக்கிறான். சாவிச் சொற்களின் ஒரு பிரதி அவனிடமும் இருக்கும், மழைக்காலத்தில் ஒருவர்க்கொருவர் காவல் என்று ஏற்பாடு செய்துகொண்டார்கள். மலைக்கு இப்பால் ஒருவன், அப்பால் ஒருவன். ஒரு மாநிலத்துக் கம்பி அறுந்தாலும் மற்றொன்று இருக்கும்.

சித்திரையில் அவன் தொழிலைத் தொடங்கினான். இன்று நாற்பத்து மூன்று வாடிக்கையாளர். அவர்களில் பதின்மர் அச்சகத்தார் வாயிலாக வந்தவர்கள், இருவர் வெல்லக்காரர், ஒருவர் விலகிப் போய்விட்டார். விலகியவருக்கு மாற்றக் குறியீட்டைக் கேட்ட அன்றே அனுப்பியதாகக் கடிதம் எழுதியிருந்தான். அதைப் படித்தபோது நமக்கு உண்டான மகிழ்ச்சி, நாற்பத்து மூன்று என்ற எண்ணைப் படித்தபோது உண்டாகவில்லை. மாதம் மூவாயிரத்துக்கு மேல் இன்னும் எட்டவில்லை. தளம் அமைத்துத் தரும் கூலியால் வண்டி ஓடுகிறது. தமக்கையார் இன்னும் நம்பிக்கையும் ஐயமுமாகவே இருக்கிறார்.

நம் சங்கத்துக்கும் புதிய தளம் ஒன்று அவனிடம் அமைந்திருக்கிறது. பழைய பெயர் திரும்பக் கிடைக்கவில்லை; அதில் இன்றும் சூதாட்டமே நடக்கிறது. புதிய பெயரின் உரிமையாளர் என்ற இடத்தில் சங்கத்தின் பெயர் இருப்பதைச் செயற்குழுவினர் ஐவரும் தம் கண்ணாலேயே பார்த்துக் கையெழுத்திட்டிருக்கிறார்கள். மலர்களின் பக்கங்களை உறுப்பினர் வீட்டுப் பிள்ளைகள் ஞாயிறுதோறும் படமெடுத்து ஏற்றி வருகிறார்கள். இதுவரை நான்கு ஆண்டு மலர்கள் முடிந்துள்ளன. பழைய ஆண்டு விழாப் படங்கள் எவரிடமேனும் இருப்பின் அனுப்பி உதவுமாறு, இப்பேச்சைக் கேட்கும் தலைநகர்த் தமிழன்பர்களை வேண்டிக்கொள்கிறோம்.